குதூர் வண்டிகளில் போன நோட்டு

தான்தா ஊரில் எந்தச் சமையலறைக்குள் போனாலும் அநேகமாக ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தண்ணீர் ஜக்கு இருக்கும். அதன் கைப்பிடி உள்ளங்கைப் பக்கம் லேசாக வயிறு தள்ளியிருக்கும். ஜக்கு நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்கினாலும் மணிக்கட்டு நோகாது. அந்தக் கைப்பிடியை வரைந்தவள் நக்வான். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூட அது தெரியாது. ஜக்கின் அடியில் கம்பெனி பேர் இருக்கும். உழைத்தவர் பேர் எந்தச் சாமானில்தான் இருக்கிறது?

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வடிவமைப்பு வேலை. ரயில் நிலைய வாசலில் டீ விற்கிற ஒருத்தி, சூடான கெண்டியைத் தன் அங்கியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தூக்குவாள். ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் நக்வான் அதைத் தன் ஸ்கெட்ச் நோட்டில் கிறுக்கி வைத்தாள். எட்டு மாதம் கழித்து ஜக்குக்குக் கைப்பிடி வேண்டும் என்று முதலாளி கேட்டபோது அந்தப் பக்கம் நோட்டில் தயாராக இருந்தது. சுருட்டின துணியின் பருமன்தான் கைப்பிடியின் வயிறு. மேதாவித்தனம் ஒன்றுமில்லை. பார்த்தாள், வரைந்து வைத்தாள், அவ்வளவுதான்.

பிறகு முதலாளிமார் வெளிநாட்டு அச்சை வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். வடிவமைப்புப் பிரிவு என்று இருந்த நாலு மேசையும் கிடங்குக்குப் போயிற்று. நக்வான் ஒரு தனியார் கல்லூரியில் சொல்லித்தரப் போனாள். இப்போது நாற்பத்தொரு வயது. புருஷன் குவைத்தில் இருக்கிறான், வருஷத்துக்கு நாற்பது நாள் வருவான். முனைவர் பட்டம் எதுவும் அவள் வாங்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு அவள் துக்தூராதான். கல்லூரியில் கரும்பலகை முன்னால் நிற்கிற ஆண் எல்லாம் துக்தூர், பெண் எல்லாம் துக்தூரா.

சேர்ந்த முதல் பருவத்தின் கடைசியில் நாற்பத்து மூன்று ஸ்கெட்ச் நோட்டு மேசைக்கு வந்தது. விதி இதுதான்: ஒவ்வொருவரும் பருவம் முழுக்க வரைந்து முப்பது பக்கம் காட்ட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் தேதி வேண்டும், அதற்கு இருபது மார்க்கு. நக்வான் முதல் நோட்டைத் திறந்தாள். காப்பி வாசனை அடித்தது. இரண்டாவது நோட்டும் காப்பி. பத்தாவது நோட்டுக்கு வந்தபோது அறையே காப்பிக்கடை மாதிரி ஆகிவிட்டது.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஹம்தானின் ஜெராக்ஸ் கடை. பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அங்கே கூட்டம் அலைமோதும். ஹம்தான் நாற்காலிப் படமும் விளக்குப் படமும் அச்செடுத்துத் தருவான். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையும் அவன் கடையிலேயே உண்டு. படத்தை வைத்து, மேலே தாளைப் போட்டு, கோட்டின் மேல் கோடு இழுத்துவிட்டால் ஒரு பக்கம் முடிந்தது. மூன்று பேனாவில் மாற்றி மாற்றித் தேதி போட்டு, மூலையைக் கசக்கி, பிரஷ்ஷால் காப்பி தடவிக் காய வைத்தால், நாலு மாதம் கூடவே சுமந்து திரிந்த நோட்டு மாதிரி ஆகிவிடும்.

"யாரு காப்பி தடவச் சொன்னது?" என்று கேட்டாள் நக்வான்.

முன்வரிசையில் இருந்த மோமென் எழுந்தான். வகுப்பிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான். "யாரும் சொல்லல துக்தூரா. வழிவழியா வர்றது. அதுக்கு முந்தி டீ தடவிக்கிட்டிருந்தாங்களாம். டீ சரியா நிக்கல."

"இந்த நாற்காலிய நீ எங்கடா பார்த்தே?"

"ஹம்தான் கடையில."

"உக்காந்து பார்த்தியா?"

"படத்துல எப்படி துக்தூரா உக்கார்றது?"

வகுப்பு சிரித்தது. நக்வானுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த பருவத்தில் புது விதி போட்டாள். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வரைய வேண்டும். கோணலாக வந்தால் வரட்டும். ஆனால் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் எந்த இடம், எத்தனை மணி, யார் என்று எழுத வேண்டும். கடை என்றால் கடைப் பேர், வண்டி என்றால் வண்டி நம்பர். ஹம்தான் எதை வேண்டுமானாலும் விற்பான், இதை விற்க முடியாது. இந்த விதியைக் கண்டுபிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எல்லாம் சரி துக்தூரா, உங்க நோட்டை ஒரு நாள் காட்டுங்களேன்" என்றான் மோமென்.

"வீட்ல இருக்கு."

பொய். ஆறு வருஷமாக அவளிடம் நோட்டு கிடையாது. அன்று சாயங்காலமே ஒன்று வாங்கினாள். கறுப்பு அட்டை, எண்பது தாள், நல்ல கெட்டி. கைப்பையில் போட்டுக்கொண்டாள். ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது எடுப்பாள். பல் டாக்டர் வாசலில் எடுப்பாள். பென்சிலைத் தாள் மேல் கொண்டுபோனதும், இதை வரைந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். மூடி உள்ளே வைத்துவிடுவாள். நாலு மாதம் சுமந்தாள். முதல் பக்கம் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது.

பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஏறவில்லை. மிட்டாய்க்கடைக்குக் கூட்டிப் போய், மாவைப் பின்னிப் பின்னி எண்ணெயில் விடுகிறவர் கையை வரையச் சொன்னாள். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள், மிட்டாய் தின்றார்கள். "படம்தான் இருக்கே துக்தூரா, ஹம்தான்கிட்ட அச்செடுத்து அப்புறமா வரைஞ்சுக்கறோம்." ஒரு பையன் முப்பது நாளும் தன் ஷூவையே வரைந்து வந்தான். நான் பார்த்ததுதானே என்றான். ஆனால் முப்பது நாளும் கயிற்று முடிச்சு ஒரு நூல் பிசகவில்லை. ஒரே உட்காரலில் முடித்திருக்கிறான். அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பசிக்காதவனுக்கு எத்தனை தரம் பரிமாறுவது? மார்க்குக்காக வரைகிறவன் மார்க்கைத்தான் வரைவான்.

அந்தப் பருவத்தின் மூன்றாவது வாரமே, ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு அப்ரார் என்கிற பெண் மேசையருகே வந்து நின்றாள். அதுவரை அவள் குரலை நக்வான் கேட்டதில்லை. குதூரிலிருந்து தினம் மைக்ரோபஸ்ஸில் வந்து போகிறவள், போக ஒரு மணி, வர ஒரு மணி. நோட்டை நீட்டினாள். உள்ளே முழுக்கக் கை. தெருவோரம் நின்று வண்டியை நிறுத்துகிறவர்களின் கை.

"இது என்ன, கையத் தொங்கப் போட்டிருக்காங்க?"

"ரயில் கேட்டுக்குப் போறவங்க துக்தூரா. கேட்டு இறங்குற மாதிரி காட்டுவாங்க. இந்தம்மா சந்தைக்கு. இவரு பாலத்துக்கு அந்தப் பக்கம். ஹார்ன் சத்தத்துல வாயால சொன்னா எந்த டிரைவருக்குக் கேக்கும்?"

"இந்த ஆளுக்கு ரெண்டு விரல் இல்லையே."

அப்ரார் முதல் தடவையாகச் சிரித்தாள். "இவரு உஸ்தா கலீஃபா. டிரைவரு. வண்டி நிறைஞ்சிருச்சுன்னா எல்லா டிரைவரும் கைய விரிச்சுக் காட்டுவாங்க. இவரு விரிச்சா மூணு சீட்டு இருக்குன்னு நினைச்சு ஜனங்க ஓடி வந்துருவாங்க. தினம் சண்டை." டிரைவரையும் கைத்தொழில்காரரையும் அங்கே மரியாதையாக உஸ்தா என்பார்கள்.

ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் இடம், மணி, வண்டி நம்பர். துக்தூரா சொன்னபடியே. நக்வான் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ரயில் நிலைய வாசலில் கெண்டி தூக்கினவள் ஞாபகத்துக்கு வந்தாள். மார்க்குப் போடப் பேனா எடுத்தவள், போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நிறுத்தாதே. அவ்வளவுதான்."

அதற்கப்புறம் வாரா வாரம் நோட்டு வந்தது. பதினைந்து பக்கம், இருபது பக்கம், இருபத்தேழு பக்கம். அந்த ஒரு நோட்டைப் பார்க்கத்தான் நக்வான் கல்லூரிக்குப் போனாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

மே மாதம் நோட்டு வருவது நின்றது. வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள் அப்ரார். மறுநாளும் அதையே சொன்னாள். ஆறாவது நாள் நக்வான் கதவைச் சாத்திவிட்டு, "இன்னும் மூணு பக்கம்தானே பாக்கி. வியாழக்கிழமை மார்க்குப் போடுற குழு பார்க்குது. எங்க நோட்டு?" என்றாள்.

"புடுங்கிக்கிட்டாங்க துக்தூரா."

வண்டி நிலையத்தில் நடந்தது இது. அப்ரார் கலீஃபாவின் வண்டி நம்பரை எழுதிக்கொண்டிருந்ததை ஒரு டிரைவர் பார்த்துவிட்டான். போன மாதம்தான் சாதாரண உடுப்பில் ரெண்டு போலீஸ்காரர்கள் வந்து, டீக்கடையில் உட்கார்ந்து நம்பர் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். மறுவாரம் பத்தொன்பது டிரைவருக்கு லைசென்ஸ் போயிற்று. பத்தொன்பது வீட்டில் அடுப்பு எரியவில்லை. இப்போது ஒரு பெண் நோட்டும் கையுமாக நிற்கிறாள், பக்கத்துக்குப் பக்கம் நம்பர், மணி, இடம். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"துக்தூராதான் எழுதச் சொன்னாங்கன்னு சொன்னேன். 'எந்த துக்தூரா? டிராஃபிக் ஆபீஸ் துக்தூராவா?'ன்னு கேட்டாங்க. என்மேல யாரும் கை வைக்கல. உஸ்தா ஷெஹாத்தா நோட்டை மட்டும் வாங்கிக்கிட்டு, என்னை முன்சீட்டுல உக்கார வச்சு, 'போ மகளே, வேற பொழப்பு பாரு'ன்னு அனுப்பிட்டாரு."

நம்பர் எழுதச் சொன்னது யார்? நக்வானேதான். அப்ராரைக் கூட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.

ஷெஹாத்தா அந்த நிலையத்தில் வண்டிகளை முறை வைத்து விடுகிறவர். எந்த வண்டி எத்தனாவது, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். குதூரில் இருக்கிற ஆளிடம் டிரைவர் அதைக் கொடுக்க வேண்டும். நக்வான் கல்லூரி அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். டிரைவர்கள் கூடிவிட்டார்கள்.

"கைய வரையறதுக்கா ஒரு காலேஜி?" என்றான் ஒருவன்.

"உன் மூஞ்சிய வரையச் சொன்னா பெயிலாயிரும்டா அந்தப் புள்ள" என்றார் கலீஃபா.

ஷெஹாத்தா சிரிக்கவில்லை. அட்டையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாது துக்தூரா. அன்னிக்கே வந்திருந்தா முழுசா குடுத்திருப்பேனே. ஆறு நாளாச்சே!"

"ஆறு நாள்ல என்ன ஆச்சு?"

"சீட்டுக்குத் தாள் தீந்து போச்சு. இது கெட்டித் தாள், காத்துல பறக்கல. ஒரு தாளை நாலாக் கிழிச்சேன். வெத்துத் தாளைத்தான் முதல்ல எடுத்தேன். அது முடிஞ்சதும் பின்னாலேர்ந்து…"

பெட்டிக்குள்ளிருந்து அட்டையை எடுத்தார். உள்ளே ஒன்பது பக்கம் மிச்சம். பதினெட்டுப் பக்கம் கைகள் நாலு நாலாகக் கிழிந்து குதூருக்குப் போய்விட்டன.

"அங்க அதை வச்சிருப்பாங்களா?"

"சாயங்காலமானா டீக்கடை அடுப்புக்குப் போயிரும் துக்தூரா."

சண்டை போடலாம் என்றால் யாரோடு போடுவது? எதிரி இருந்தால் மனுஷி நாலு வார்த்தை கத்திவிட்டாவது வீட்டுக்குப் போகலாம். இங்கே எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

ஷெஹாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! வரிசையா நில்லுங்க! கையக் காட்டுங்க! மகளே, நீ வரை. ஒருத்தனும் நகர மாட்டான்."

பதினோரு டிரைவர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சிலர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். ஒருவன் கையைத் துப்பட்டாக் கடைப் பொம்மை மாதிரி நீட்டினான். இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியில் ஏறிய ஜனங்கள் ஹார்னை அடித்துக் கத்தினார்கள், எவனும் அசையவில்லை. அப்ரார் பென்சிலை எடுத்தாள். ரெண்டு கோடு போட்டாள், நிறுத்தினாள். இன்னொரு தாளில் மூன்று கோடு. பிறகு பென்சிலை இறக்கிவிட்டாள்.

"இப்படி நின்னா வராது உஸ்தா."

"நல்லாத்தானே நிக்கிறோம்?" என்றார் கலீஃபா, மூன்று விரலையும் விறைப்பாக விரித்தபடி.

மறுநாள் நக்வான் ஒன்பது பக்கத்தையும் துறைத்தலைவர் லமயீயிடம் கொண்டுபோனாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகப் பார்த்தார், நல்லா இருக்கே என்றும் சொன்னார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"முப்பது பக்கம், துக்தூரா. இது ஒன்பது."

"இந்தக் கல்லூரியில நிஜமா வரைஞ்சது இந்த ஒன்பது பக்கம்தான் துக்தூர். மத்த நாப்பத்திரண்டு நோட்டும் காப்பி."

"தெரியும். நான் என்ன குருடனா? ஆனா படிவத்துல பாருங்க. பக்க எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கு, தேதிக்கு இருக்கு, சுத்தத்துக்கு இருக்கு. நிஜத்துக்குக் கட்டம் எங்க இருக்கு? வெளியூர்லேர்ந்து குழு வருது. நான் அந்தப் பொண்ண பெயிலாக்க ஆசைப்படல. ஹம்தான்கிட்ட போகச் சொல்லுங்க. ரெண்டு மணி நேர வேலை."

"நான் போயி அதச் சொல்றதா?"

"வேற யாரு சொல்றது? நீங்கதானே அவ துக்தூரா."

அப்ராரை வராந்தாவில் பார்த்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "வியாழக்கிழமை முப்பது பக்கம் வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும் துக்தூரா" என்றாள் அப்ரார். வாசலைத் தாண்டி ஹம்தான் கடைப் பக்கம் நடந்தாள்.

வியாழக்கிழமை நாற்பத்து மூன்று நோட்டும் வந்தது. மோமென் இந்தத் தடவை ஏலக்காய் போட்ட காப்பியைத் தடவியிருந்தான். அப்ராரின் நோட்டில் முப்பது பக்கம். நாற்காலி, விளக்கு, நாற்காலி. கை என்று ஒன்றுகூட இல்லை. குழுவில் ஒருவர் அதை எடுத்து, கோடு எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். இருபதுக்கு இருபது. நக்வான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள்.

எல்லோரும் போனபிறகு கேட்டாள்: "அந்த ஒன்பது பக்கம்?"

"உஸ்தா கலீஃபா அவரு கையக் கேட்டாரு, குடுத்தேன். மத்தவங்களும் கேட்டாங்க."

"இனிமே வரைவியா?"

அப்ரார் பையை மாட்டிக்கொண்டாள். "எங்க துக்தூரா? நான் நின்னு பார்த்தாலே போதும், ஸ்டாண்டு முழுக்கப் போஸ் குடுக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நக்வான் வீட்டுக்குப் போகிற வழி வண்டி நிலையம் இல்லை. ஆனால் அன்றைக்குக் கால் அந்தப் பக்கம்தான் போயிற்று. அடுத்துக் கிளம்ப நின்ற கலீஃபாவின் வண்டிக் கண்ணாடியில் அவர் கை ஒட்டியிருந்தது, ஓரத்தில் நம்பரோடும் மணியோடும். ஷெஹாத்தா சிகரெட் அட்டையைக் கிழித்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"பொண்ணு பாஸா துக்தூரா?"

"பாஸ்."

"அல்ஹம்துலில்லாஹ்! நெஞ்சு மேல பாறாங்கல்லா கிடந்துச்சு. இப்பதான் இறங்குச்சு."

நக்வான் கைப்பையைத் திறந்து கறுப்பு அட்டை நோட்டை எடுத்து அவர் பெட்டி மேல் வைத்தாள். அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். பிறகு ஒரு விரலால் திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கடைசியிலிருந்து முதலுக்கும் ஒரு தடவை பார்த்தார்.

"ஒண்ணுமே எழுதலையே துக்தூரா. வேணாமா இது?"

"எடுத்துக்குங்க. கெட்டித் தாள். பறக்காது."

அவர் முதல் தாளைக் கவனமாக நாலாகக் கிழித்தார். ஒன்றில் ஏழு என்று போட்டு நேரத்தை எழுதிக் கலீஃபாவிடம் கொடுத்தார். வண்டியில் இடமில்லை, ஜனம் மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தது. வண்டி தெருவுக்கு இறங்கியது. எதிர்ச்சாரியில் ஒரு கிழவர் ரயில் கேட்டுக்காகக் கையைத் தொங்கவிட்டுக் காட்டினார். கலீஃபா ஜன்னல் வழியே கையை நீட்டி மூன்று விரலையும் விரித்தார். கிழவர் பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடி வந்தார்.

நக்வான் அவசரமாகக் கைப்பைக்குள் துழாவினாள். பென்சில் மட்டும் இருந்தது.